வண்டல் அள்ளும் பருவத்தில் ஆள்காட்டி, உப்புக்கொத்தி கூடுகள்: எப்படிப் பார்ப்பது, எப்படிக் காப்பது?

போச்சம்பள்ளி வரப்பு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பக்கத்து ஏரிகளில் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது. தண்ணீரை ஒட்டிய ஈரக் கரம்பில் சிவப்பு மூக்கு ஆள்காட்டி, அதற்கு மேலே காய்ந்த மேட்டில் மஞ்சள் மூக்கு ஆள்காட்டி, வாய்க்கால் வந்து சேருகிற சரளைத் திட்டில் பட்டாணி உப்புக்கொத்தி, மூன்றுமே முட்டை வைத்திருக்கின்றன. வண்டல் மண் எடுக்க அனுமதி வந்துவிட்டது, இன்னும் பத்துப் பதினைந்து நாளில் டிராக்டரும் ஹிட்டாச்சியும் இறங்கிவிடும் என்று ஊரில் பேச்சு.

விவசாயிகளுக்கு அந்த மண் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வேலையை நிறுத்தச் சொல்லவில்லை, கூடு இருக்கிற இடத்தை மட்டும் கொஞ்ச நாள் தள்ளிப்போடச் சொல்லலாமா என்று பார்க்கிறேன். அதற்கு எந்தத் தேதியில் பொரிக்கும் என்று சொல்லத் தெரிய வேண்டும். முட்டையைத் தொடாமல் அதைக் கணக்கிட வழி உண்டா? கூட்டைச் சுற்றிக் கல் அடுக்கி அடையாளம் வைக்கலாமா? கம்பிக் கூண்டு போட்டால் கீரி, காக்கை தொல்லை குறையுமா? ஊர்க்காரர்களிடம் எத்தனை நாள், எத்தனை அடி என்று கேட்பது நியாயம்? கடைசியாக ஒன்று: இப்படி நாலைந்து வருடம் குறிப்பு எடுத்தால் இந்தப் பறவைகள் கூடுகின்றனவா குறைகின்றனவா என்று சொல்ல முடியுமா?

தென்பெண்ணைக் கரை

முதலில் நாள் கணக்கு. மூன்றுமே பொதுவாக நான்கு முட்டை வைப்பவை, சில நேரம் மூன்றோடு நிறுத்திக்கொள்ளும். ஒரே நாளில் நான்கும் வராது, ஒரு முட்டைக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய ஒன்றரை நாள் இடைவெளி இருக்கும். கடைசி முட்டை வந்த பிறகுதான் ஒழுங்காக அடைகாக்கத் தொடங்கும். அதிலிருந்து சிவப்பு மூக்குக்கு 28 முதல் 30 நாள், மஞ்சள் மூக்குக்கு 27 முதல் 30, பட்டாணி உப்புக்கொத்திக்கு 24, 25 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே இரண்டு முட்டையோ மூன்று முட்டையோ இருக்கும்போது கூட்டைக் கண்டிருந்தால் தேதி கையில் இருக்கிறது. சித்திரை முதல் நாள் இரண்டு முட்டை என்றால் நாலாம் தேதி வாக்கில் நான்கும் சேரும், ஆள்காட்டியாக இருந்தால் வைகாசி முதல் வாரத்துக்குள் பொரிந்துவிடும். நான்கு முட்டையோடு கண்டால்தான் சிக்கல். அது நேற்று நிறைந்த கூடாகவும் இருக்கலாம், நாளை பொரிக்கிற கூடாகவும் இருக்கலாம்.

ஆராய்ச்சிக்காரர்கள் முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள். புது முட்டை அடியில் படுத்துக்கிடக்கும், சில நாளில் அகன்ற முனை மேலே தூக்கும், ஒரு வாரம் போல ஆனால் செங்குத்தாக நிற்கும், பிறகு மிதந்து மேலே தலைகாட்டும். நீங்கள் இதைச் செய்யக் கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்கான விளக்கத்துக்குள்ளேயே பறவை முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வருகிறது. நல்ல எண்ணத்தோடு தொட்டேன் என்பது பதில் ஆகாது.

தொடாமல் தெரிந்துகொள்ள இரண்டு வழி உண்டு. ஒன்று பறவையின் நடத்தை. அடைகாப்பின் தொடக்கத்தில் நம்மைத் தொலைவில் கண்டதுமே சத்தமில்லாமல் எழுந்து நடந்துவிடும், கூடு எங்கே என்றே தெரியாது. பொரிக்கும் நாள் நெருங்க நெருங்க எழ மனம் வராது. ஆள்காட்டி தலைக்கு மேல் பாய்ந்து பாய்ந்து கத்தும். உப்புக்கொத்தி இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு போய் நம்மை வேறு பக்கம் கூட்டிப்போகும். வெறும் தரையில் உட்கார்ந்து அடைகாப்பதாக நடிப்பதும் உண்டு, அதைக் கூடு என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்று ஓடு. பொரிப்பதற்கு மூன்று நான்கு நாள் முன்பே ஆள்காட்டி முட்டையின் அகன்ற முனைப் பக்கம் நட்சத்திரம் மாதிரி மயிர்க்கோட்டு விரிசல் விழும். பிறகு அந்த இடம் சின்ன மேடாக உப்பி, ஓட்டை விழுந்தால் ஒரு நாளுக்குள் குஞ்சு வெளியே. கூட்டைக் கடந்து போகிறபோது நிற்காமல் ஒரு படம் எடுத்து, வீட்டில் வந்து பெரிதாக்கிப் பாருங்கள். போதும்.

கூட்டுக்குப் போகும் முறையும் முக்கியம். நூறு, நூற்றைம்பது மீட்டர் தள்ளி உட்கார்ந்து பைனாகுலரில் பாருங்கள். பறவை நின்று நின்று நடந்து வந்து, ஓர் இடத்தில் வயிற்றை அசைத்து அசைத்து உட்காரும், அதுதான் கூடு. அங்கே குச்சி நடாமல், அதற்கு நேரே பின்னால் தெரிகிற பனைமரம், பக்கவாட்டில் தெரிகிற மின்கம்பம் என்று இரண்டு திசைக் குறிகளை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கோடாக நடந்து, கூட்டின் ஓரமாகக் கடந்து, அதே வேகத்தில் மறுபக்கம் போய்விட வேண்டும். போன தடத்திலேயே திரும்பி வந்தால் நாய்க்கும் கீரிக்கும் முட்டுச்சந்து மாதிரி வாசனைத் தடம் கூட்டில் போய் முடியும்.

நேரம்: காலை 6 முதல் 9 வரை, இல்லாவிட்டால் மாலை 5 மணிக்குப் பிறகு. நடுப்பகலில் வேண்டவே வேண்டாம். சித்திரை வெயிலில் நம் பக்கத்துச் சரளைத் தரை காலை வைக்க முடியாத சூடு. முட்டைக்குள் 40 டிகிரியைத் தாண்டி வெப்பம் நீடித்தால் கரு தாங்காது. அந்த நேரத்தில் பறவை முட்டையின் மேல் உட்கார்ந்திருப்பது சூடு கொடுக்க அல்ல, நிழல் கொடுக்க. கவனித்துப் பார்த்தால் ஆள்காட்டி அடிக்கடி தண்ணீருக்கு ஓடி, வயிற்றை முக்கி, நனைந்த இறகோடு வந்து முட்டையின் மேல் நிற்பதைக் காணலாம். நீங்கள் அரை மணி நேரம் கூட்டருகே நின்றால் அந்த வேலை முழுக்க நின்றுபோகும்.

மாந்தோப்பு காவேரிப்பட்டணம்

நல்ல விளக்கம் சார். ஆனாலும் கல் அடையாளம் வைக்காவிட்டால் டிராக்டர் ஓட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்? முட்டையும் சரளையும் ஒரே நிறம். ஓட்டுகிறவர் வேண்டுமென்றே ஏற்றுவதில்லை, கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். சுற்றிலும் சுண்ணாம்பு அடித்த கல் நாலு வைத்து, மேலே கோழிக்கூண்டு வலையை வளைத்துப் போட்டால் காக்கையும் வராது, நாயும் வராது. வெளிநாட்டில் கடற்கரைகளில் இப்படித்தான் செய்கிறார்கள் என்று படித்திருக்கிறேன்.

சரளைமேடு

அண்ணா, டிராக்டர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. கல்லும் வலையும்தான் பிரச்சினை.

வெள்ளைக் கல் நாலு வைத்தால் அதை முதலில் படிப்பது காக்கை. ஏரிக் கரம்பில் புதிதாக ஒரு பொருள் வந்தால் அதைச் சுற்றி நடந்து பார்ப்பது அதன் பழக்கம். அடுத்து ஆடு மேய்க்கிற பிள்ளைகள். என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வருவார்கள், அவர்கள் பின்னாலேயே நாய்.

வலைக் கூண்டை உப்புக்கொத்திகளுக்கு வெளிநாட்டில் பரவலாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், உண்மைதான். முட்டை தப்புவது கூடியது. கூடவே அடைகாக்கும் தாய் தகப்பன் கொல்லப்படுவதும் சில இடங்களில் கூடியது. காரணம் எளிது. வலைக்குள் உட்கார்ந்திருக்கும் பறவை ஆபத்து வந்தால் சட்டென்று எழுந்து பறக்க முடியாது, இடைவெளி தேடி நடந்து வெளியே வர வேண்டும். வல்லூறு மாதிரி ஒன்று அதைக் கற்றுக்கொண்டால், கூண்டு எங்கே இருக்கிறதோ அங்கே சாப்பாடு என்று வரிசையாக வரும். நான்கு முட்டை போனால் ஜோடி அதே பருவத்தில் மறுபடி முட்டை வைக்கும். பெரிய பறவை போனால் அந்த ஜோடியே போயிற்று. கரைப்பறவை பல வருடம் வாழ்ந்து வருடத்துக்குக் கொஞ்சமாகக் குஞ்சு எடுக்கிற வகை, அதில் பெரிய பறவையைப் பணயம் வைத்து முட்டையைக் காப்பது நஷ்ட வியாபாரம். ஆள்காட்டிக்கு வலை போட்டால் பல நேரம் கூட்டுக்கே திரும்பாது, நெடுங்காலோடு குனிந்து நுழையும் பறவை இல்லை அது.

அடையாளம் வேண்டுமானால் கூட்டில் வைக்காமல் எல்லையில் வையுங்கள். கூட்டிலிருந்து 30 மீட்டராவது தள்ளி, ஏற்கெனவே அங்கே கிடக்கிற கருவேல முள்ளை நாலு மூலையில் போட்டால் போதும். கூடு சரியாக நடுவில் இருக்கக் கூடாது, ஒரு பக்கம் தள்ளி இருக்கட்டும். டிராக்டர்காரருக்கு முள்ளைத் தாண்டக் கூடாது என்று மட்டும் தெரிந்தால் போதும், கூடு எந்த அடியில் இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. முள்ளை வேலி மாதிரிச் சுற்றி அடைத்துவிடவும் வேண்டாம். காக்கைக்கு உட்கார இடம், உடும்புக்கு ஒளிய இடம், இரண்டையும் நாமே செய்துகொடுத்தது போல ஆகும். இந்தப் பறவைகள் வெட்டவெளியைத் தேடி வருவதே எதிரி வருவது தூரத்திலேயே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

கூடு காலியாகக் கிடந்தால் என்ன நடந்தது என்று எழுதுவதில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஓடு இல்லை, ஆகவே திருடு போயிற்று என்று எழுதிவிடுவார்கள். பொரித்த கூட்டிலும் பெரிய ஓடு இருக்காது, தாய் தகப்பன் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தூரத்தில் போட்டுவிடும். குனிந்து, கூட்டின் அடியில் இருக்கிற சின்னக் கல், ஆட்டுப் புழுக்கை, சருகு இவற்றுக்கு இடையே பாருங்கள். மிளகை உடைத்தது போல ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஓட்டுத் துணுக்குகள் கிடந்தால் அது பெரும்பாலும் பொரித்த கூடு. குஞ்சு உள்ளிருந்து கொத்தும்போது உதிர்ந்தவை அவை. பக்கத்தில் ஆள்காட்டி இன்னும் விடாமல் கத்திக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், குஞ்சு எங்கேயோ பதுங்கியிருக்கிறது.

மஞ்சள் கரு சிந்தி ஓடு நொறுங்கிக் கிடந்தால் கீரி, நாய் போன்றவற்றின் வேலை. எந்தத் தடயமும் இல்லாமல் துடைத்தது போல இருந்தால் பாம்பும் இருக்கலாம், காக்கையும் இருக்கலாம், இன்னது என்று ஊகித்து எழுதாதீர்கள், காரணம் தெரியவில்லை என்று எழுதுங்கள். முட்டை முழுதாக, ஆனால் கூட்டுக்கு வெளியே அங்கங்கே உருண்டு கிடந்து, மேலே சேற்றுப் படலம் இருந்தால் தண்ணீர் வந்து போயிருக்கிறது. ஆட்டுக் குளம்பு பட்டதில் ஒன்றிரண்டு முட்டை மட்டும் உடையும், மீதியை அடைகாத்துக்கொண்டிருக்கும்.

போச்சம்பள்ளி வரப்பு

மிக்க நன்றி. முள் யோசனை நம் ஊருக்குச் சரியாக வரும். வண்டல் எடுப்பவர்களிடம் பேசுவதைப் பற்றி யாராவது சொல்லுங்கள். எந்த அலுவலகத்தில் சொல்வது?

அரூர் மேட்டுநிலம்

அனுமதி இப்போது வட்டாட்சியர் அளவிலேயே கிடைக்கிறது. ஏரி நீர்வளத் துறையுடையதா, ஊராட்சி ஒன்றியத்துடையதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்று சொல்பவர் அந்தத் துறைப் பொறியாளர்தான். வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு கடிதம், அதன் நகல் நீர்வளத் துறை உதவிப் பொறியாளருக்கு ஒன்று, வனச்சரகருக்கு ஒன்று. கிருஷ்ணகிரி மாவட்டம் ஓசூர் வனக்கோட்டத்தில் வருகிறது, தர்மபுரிக்குத் தனிக் கோட்டம்.

கடிதத்தில் பறவையைக் காப்பாற்றுங்கள் என்று எழுதினால் அது கோப்பில் தூங்கும். ஏரியின் கையால் வரைந்த வரைபடம் வைத்து, இந்த இந்த நான்கு இடத்தில் 30 மீட்டர் வட்டம், இந்தத் தேதி வரை வெட்ட வேண்டாம், மீதி ஏரி முழுக்க வெட்டலாம், முதலில் வடக்குப் பக்கம் தொடங்கிக் கடைசியில் தெற்குக்கு வரட்டும் என்று எழுதுங்கள். வேலை வரிசையை மாற்றுவது யாருக்கும் நஷ்டமில்லை. 30 மீட்டர் வட்டம் என்றால் ஏக்கரில் முக்கால் கூட இல்லை. வேலை நாலு வாரம் ஓடுமானால் கூடு உள்ள பக்கம் கடைசி வாரத்தில் வரட்டும், அதற்குள் பாதிக்கு மேல் பொரித்துவிடும்.

வாயால் சொல்லிக்கொள்ள வேண்டியது ஊரில் யாரிடம் என்றால், மண் ஏற்றிவிடுகிற ஹிட்டாச்சி ஆபரேட்டரிடம். டிராக்டர் தினம் ஒன்று மாறும், ஹிட்டாச்சி ஒன்றேதான் நிற்கும். அது எங்கே நிற்கிறதோ அங்கேதான் டிராக்டர் தடம் விழும். கூட்டை மிதிப்பது வெட்டுகிற வாளியை விட வந்து போகிற டயர்தான். ஆகவே தடம் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை முதல் நாள் காலையிலேயே பேசி முடித்துவிடுங்கள், ஒரு முறை தடம் விழுந்தால் எல்லா வண்டியும் அதிலேயேதான் போகும்.

பொரித்த பிறகு வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். குஞ்சு ஒரு நாளுக்குள் கூட்டை விட்டு நடந்துவிடும், தானே இரை கொத்தும், ஆனால் பறக்க உப்புக்கொத்திக்கு மூன்றரை நாலு வாரம், ஆள்காட்டிக்கு ஐந்தாறு வாரம் ஆகும். ஆபத்து வந்தால் ஓடாமல் தரையோடு படுத்துவிடும். அது நாய்க்கு நல்ல தந்திரம், டயருக்கு இல்லை. ஆகவே அந்த வாரங்களில் காலையில் வண்டி தொடங்கும் முன் தடத்தின் மேல் ஒருவர் நடந்து வர வேண்டும். தாய்ப்பறவை கத்துகிற பக்கம் குஞ்சு இருக்கும். கையில் எடுக்காமல் மெல்ல நடந்தால் தாயின் குரல் கேட்டு அதுவே ஒதுங்கிப் போகும்.

தொங்கட்டான் மாதிரி இன்னொன்று: வெட்டிய குழியின் ஓரம் செங்குத்தாக இருந்தால் மழை பெய்தபின் குஞ்சு உள்ளே விழுந்து ஏற முடியாமல் சாகும், ஆட்டுக்குட்டிக்கும் அதே கதிதான். ஒரு பக்கமாவது சரிவு விடச் சொல்லுங்கள். அனுமதி விதியிலேயே ஆழத்துக்கு வரம்பு உண்டு, அதைக் கடைப்பிடித்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பெண்ணையாற்று மட்டம்

எல்லோரும் கீரி, காக்கை, டிராக்டர் என்று பேசுகிறீர்கள். ஏரியை விட்டு அணைக் கரைக்கு வந்தால் கூடு போவதற்கு இன்னொரு பெரிய காரணம் தண்ணீர். அதுவும் உள்ளூர் மழை அல்ல.

கே.ஆர்.பி. அணை, அதாவது கிருஷ்ணகிரி அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 52 அடி. இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் விட்டுப் பங்குனி, சித்திரையில் மட்டம் இறங்கும்போது கரையோரம் அகலமாகக் காய்ந்த சேறும் சரளையும் வெளிப்படும், பறவை அங்கே முட்டை வைக்கும். அதே சித்திரை, வைகாசியில் பெங்களூரில் இடியோடு கோடை மழை பெய்யும். அந்த நகரத்தின் கிழக்குப் பக்கத்து வெள்ளமும் கழிவும் தென்பெண்ணையில்தான் இறங்குகிறது. ஆற்றில் மேலே ஓசூர் பக்கம் இருக்கிற கெலவரப்பள்ளி அணை நிறைந்தால் மதகைத் திறப்பார்கள், அது அப்படியே கே.ஆர்.பி. அணைக்கு வரும். போச்சம்பள்ளியில் ஒரு தூறல் இல்லாத நாளில் அணைக்கரைக் கூடு முழுகுவது இதனால்தான். பாரூர் ஏரிக்கு நெடுங்கல் அணைக்கட்டு வழியாகத் தண்ணீர் வருவதால் அங்கேயும் கொஞ்சம் தாமதமாக அதே விளைவு.

எந்தக் கூடு ஆபத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்ல முடியும். கொத்தனார் வைத்திருக்கிற டியூப் லெவல் ஒன்று, 20 மீட்டர் குழாய், தண்ணீர் நிரப்பி இரண்டு பேர் பிடித்தால் போதும். ஒரு முனை தண்ணீர் ஓரத்தில், இன்னொன்று கூட்டுக்கு ஐந்து மீட்டர் பக்கத்தில் அதே உயரத் தரையில். தூரம் அதிகமானால் இரண்டு மூன்று கட்டமாக எடுங்கள். கூடு நீர்மட்டத்தை விட எத்தனை அங்குலம் மேலே என்று தெரிந்துவிடும். அன்றைய அணை மட்டத்தோடு அதைக் கூட்டி எழுதி வையுங்கள், உதாரணமாக அன்று 38 அடி, கூடு 14 அங்குலம் மேலே என்றால் 39 அடி 2 அங்குலத்தில் கூடு முழுகும். பிறகு தினமும் செய்தியில் வருகிற அணை மட்டத்தைப் பார்த்தாலே போதும், கூட்டுக்குப் போகவே வேண்டாம்.

சரிவு எவ்வளவு என்பதையும் பாருங்கள். 50 அடிக்கு ஓர் அடி சரிவு உள்ள கரையில் மட்டம் ஓர் அடி ஏறினால் தண்ணீர் 50 அடி உள்ளே வரும், 100 அடிக்கு ஓர் அடி என்றால் 100 அடி. தட்டையான கரை பறவைக்குப் பிடித்த கரை, முதலில் முழுகுவதும் அதுதான். தண்ணீரிலிருந்து நூறு அடி தள்ளி இருக்கிறதே, பயமில்லை என்ற கணக்கு அங்கே செல்லாது.

முழுகப்போகிற கூட்டை உயர்த்தலாம், ஆனால் வனத்துறை அனுமதியோடு அவர்கள் ஆள் கூட நிற்கும்போது மட்டும். முறை இது. தட்டுக்கூடையில் பக்கத்திலேயே எடுத்த சரளை தயாராக இருக்க வேண்டும். மாலை வெயில் தணிந்ததும் ஒருவர் முட்டைகளைத் துணி விரித்த கிண்ணத்தில் எடுக்க, இன்னொருவர் அதே இடத்தில் ஒன்றரை மீட்டர் அகலத்துக்குச் சரளையைக் கொட்டி 20 சென்டிமீட்டர் உயர்த்தி, ஓரங்களைச் சாய்வாக இழுத்துவிட வேண்டும். நடுவில் உள்ளங்கை அளவு குழி, பழைய கூட்டின் சின்னக் கல்லும் புழுக்கையும் அதிலேயே, முட்டையின் கூர்முனை நான்கும் உள்நோக்கி. ஐந்து நிமிடத்தில் முடித்து நூறு மீட்டர் விலகிப் போய்ப் பார்க்க வேண்டும். அரை மணி நேரத்தில் பறவை வந்து உட்காரவில்லை என்றால் மேட்டின் உயரத்தைக் குறைத்துப் பாதியாக்கிப் பாருங்கள். ஒரேயடியாக உயரமான மண்மேடு கட்டினால் அது திரும்பாது. பக்கவாட்டில் நகர்த்துவதானால் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் வேண்டாம், பறவை ஏற்றுக்கொண்ட பிறகே அடுத்த நகர்த்தல்.

மட்டம் இறங்குவதும் ஆபத்துதான். ஆற்று ஆலா நீர்நடுத் திட்டுகளில், வெறும் மணலிலோ பாறையிலோ முட்டை வைக்கும், மூன்று வரை. பங்குனியில் தீவாக இருந்த திட்டு வைகாசியில் கரையோடு சேர்ந்துவிட்டால் நாய் நடந்தே போய்விடும். உலக அளவில் அழிவாபத்துப் பட்டியலில் 2020 முதல் இருக்கிற பறவை அது. அணைகளில் அது மீன் பிடிப்பதைப் பார்த்ததும் இங்கே குஞ்சு எடுக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். வாயில் மீனோடு ஒரே திட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனால் மட்டும் சந்தேகப்படுங்கள். அந்தத் திட்டில் பரிசல் நிறுத்தி வலை உலர்த்த வேண்டாம் என்று மீன்பிடிப்பவர்களிடம் சொல்லுங்கள், நீங்களும் இறங்காதீர்கள். ஒரு பரிசல் பத்து நிமிடம் நின்றால் மொத்தக் கூட்டமும் எழுந்துவிடும், அத்தனை முட்டையும் வெயிலில்.

தொப்பையாறு கணக்கு

கடைசிக் கேள்விக்கு வருகிறேன், கூடுகிறதா குறைகிறதா.

கூடுகளில் பொரித்தவை எத்தனை சதவீதம் என்று வகுத்துப் போடுவதுதான் எல்லோரும் செய்வது, அது எப்போதும் உண்மையை விட நல்ல செய்தியாகவே வரும். முட்டை வைத்த இரண்டாம் நாளே காக்கை எடுத்துப்போன கூடு உங்கள் நோட்டில் ஏறியே இருக்காது. நீங்கள் கண்டவை எல்லாம் ஏற்கெனவே பல நாள் தப்பித்தவை.

இதற்காக மேஃபீல்ட் முறை என்று ஒன்று இருக்கிறது. கூடுகளை எண்ணாமல், கூடு கண்காணிப்பில் இருந்த நாட்களை எண்ணுங்கள். பத்துக் கூடு கண்டீர்கள், ஒவ்வொன்றும் கண்ட நாள் முதல் முடிந்த நாள் வரை கூட்டினால் மொத்தம் 120 நாள், நான்கு கூடு போயிற்று என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் கணக்கில் 60 சதவீதம் வெற்றி. மேஃபீல்ட் கணக்கில் ஒரு நாளைய இழப்பு 4 வகுத்தல் 120, அதாவது 0.033. ஒரு நாள் தப்பிக்கும் வாய்ப்பு 0.967. அதை 28 நாளுக்கு 28 தடவை பெருக்கினால் 0.39. வெற்றி 39 சதவீதம்தான். ஒரு நாளைக்கு 98 சதவீதம் தப்பித்தால் 28 நாளில் 57 சதவீதம், 95 என்றால் 24 சதவீதம். தினசரி எண்ணில் சின்ன வித்தியாசம் கடைசியில் இவ்வளவு பெரிதாகும்.

இரண்டு வருகைக்கு நடுவில் கூடு போயிருந்தால் இடைப்பட்ட நாட்களில் பாதியைக் கணக்கில் எடுங்கள். வருகை நாலைந்து நாளுக்கு ஒன்று போதும். பொரிக்கும் தேதியை ஒட்டி மட்டும் இரண்டு நாளுக்கு ஒன்று, இல்லாவிட்டால் பொரித்ததா போனதா என்று தெரியாமல் போகும்.

அடுத்து, எத்தனை குஞ்சு போதும்? இது வெறும் உதாரண எண். பெரிய பறவைகளில் நூற்றுக்கு 80 அடுத்த வருடமும் உயிரோடு இருக்கிறது, பறக்கத் தொடங்கிய குஞ்சுகளில் நூற்றுக்கு 40 முட்டை வைக்கும் வயது வரை தேறுகிறது என்றால், ஒரு ஜோடி வருடத்துக்கு ஒரு குஞ்சைப் பறக்கவிட்டால் எண்ணிக்கை அப்படியே நிற்கும். பெரிய பறவையின் பிழைப்பு 80 இலிருந்து 70 ஆகக் குறைந்தால் அதே ஜோடி ஒன்றரைக் குஞ்சு எடுக்க வேண்டும். சரளைமேடு கூண்டைப் பற்றிச் சொன்னது இதனால்தான் சரி. முட்டை வேட்டையை விட, கரையோரம் கண்ணி வைத்துப் பெரிய பறவை பிடிப்பதுதான் எண்ணிக்கையை வேகமாகச் சாய்க்கும்.

ஆகவே நோட்டில் கூட்டோடு நிறுத்தாமல், ஜோடிக்கு எத்தனை குஞ்சு பறந்தது என்பதையும் எழுதுங்கள். கடினம்தான். பொரித்த நாளிலிருந்து நாலாவது வாரம் அதே பக்கம் போய், பெற்றோரோடு நிற்கிற பெரிய குஞ்சுகளை எண்ணினால் ஓரளவுக்கு வரும்.

ஒரு ஏரியை வைத்து மாவட்டத்துக்குத் தீர்ப்பு எழுத வேண்டாம். தண்ணீர் நிறைந்த வருடத்தில் கே.ஆர்.பி. கரையில் வெறும் தரையே இருக்காது, ஜோடிகள் வேறு ஏரிக்குப் போயிருக்கும். அதைச் சரிவு என்று எழுதுவது தவறு. பாரூர், கே.ஆர்.பி., கெலவரப்பள்ளி, இந்தப் பக்கம் நாகாவதி, பஞ்சப்பள்ளி, தர்மபுரி ராமக்காள் ஏரி என்று சிலவற்றை நிரந்தரமாகத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு வருடமும் சித்திரையில் ஒரே வாரத்தில், ஒரே ஆட்கள் எண்ணிக்கையில், நீர்மட்டத்தோடு சேர்த்து எழுதினால்தான் ஒப்பிட முடியும். எண்ண வேண்டியது பறவை அல்ல, இடம் பிடித்துக் கத்துகிற ஜோடி. ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இதற்கு உதவாது, அப்போது நிற்பதில் பாதி வலசை வந்த பொரி உள்ளானும் பச்சைக்காலியும், அவை இங்கே முட்டை வைப்பதில்லை. பட்டாணி உப்புக்கொத்தியிலேயே குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் கூட்டம் வேறு, இங்கேயே குஞ்சு எடுக்கும் இனம் வேறு, இரண்டும் அப்போது கலந்து நிற்கும்.

பறவைப் பதிவுத் தளமான இ-பேர்டில் பதிவு செய்தால் இனப்பெருக்கக் குறியீட்டைச் சேருங்கள், ஆனால் கூட்டின் சரியான இடத்தையும் முட்டைப் படத்தையும் பருவம் முடிந்த பிறகு ஏற்றுங்கள். படம் எடுக்கவென்றே வருகிறவர்கள் உண்டு, கூட்டைச் சுற்றிப் புல்லைப் பிடுங்கிவிட்டுத்தான் போவார்கள்.

சரளைமேடு

கணக்கு அருமை. ஒரு சின்னச் சேர்க்கை: தாமரை உள்ள ஏரிகளில் நீளவால் இலைக்கோழி, சம்புப் பக்கம் மயில் உள்ளான் இருந்தால் ஜோடி என்று எண்ணாதீர்கள். இரண்டிலும் ஆண்தான் அடைகாக்கும், ஒரு பெண் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு முட்டை வைத்துவிட்டுப் போகும். அவற்றில் அடைகாக்கும் ஆண்களை எண்ணுங்கள்.

போச்சம்பள்ளி வரப்பு

எல்லோருக்கும் நன்றி. நாளைக்கே வரைபடம் போட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகிறேன். ஒரு சந்தேகம். ஒரு ஆள்காட்டிக் கூட்டில் மூன்று பொரிந்து ஒரு முட்டை மட்டும் கிடக்கிறது, பறவை அதைவிட்டுக் குஞ்சுகளோடு நடந்துவிட்டது. வீட்டுக் கோழியின் கீழ் வைத்துப் பார்க்கலாமா என்று ஒரு பாட்டி கேட்கிறார்.

தென்பெண்ணைக் கரை

வேண்டாம் என்று பாட்டியிடம் சொல்லுங்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே நாளில் பொரிந்துவிடும், ஒரு நாள் தாண்டியும் கிடந்தால் அது கூமுட்டையாகத்தான் இருக்கும். கோழிக்கடியில் பொரிந்தாலுமே அந்தக் குஞ்சு கோழியின் பின்னால் தவிடு கொத்தப் போகாது, ஈரமண்ணில் பூச்சி தேடும், எதிரி வரும்போது படு என்று கத்த தாயும் இருக்காது. எடுத்து வைத்திருப்பதும் சட்டப்படி தவறு. அங்கேயே விட்டுவிடுங்கள், நோட்டில் நான்கில் மூன்று என்று எழுதிக்கொள்ளுங்கள், முட்டை பொரிக்காத இடத்தையும் தேதியையும் மறக்காமல் எழுதுங்கள். அதே ஏரியில் இப்படிக் கூமுட்டை பல கூடுகளில் தொடர்ந்து வந்தால், சுற்றுவட்ட வயலில் என்ன மருந்து அடிக்கிறார்கள், தண்ணீரில் என்ன கலக்கிறது என்று விசாரிக்க வனச்சரகரிடம் சொல்ல உங்களிடம் தேதியோடு ஆதாரம் இருக்கும்.